பள்ளி வாசல் ரவுண்டானா

"வட்டத்து மேலயே ஏத்திட்டுப் போறாங்களே சார், நாம போட்டது கோலம்னு நெனச்சுட்டாங்களா?" என்றாள் ஒன்பதாம் வகுப்பு சினேகா.

வேடியப்பன் சார் கடிகாரத்தைப் பார்த்தார். திருவண்ணாமலையில் அவருடைய பள்ளி வாசலில் மூன்று தெருக்கள் முட்டிக்கொள்கின்றன. பள்ளி விடும் நேரத்தில் ஆட்டோவும் வேனும் சிக்கிக்கொண்டு அரை மணி நேரம் நகராது. நடுவில் ஒரு ரவுண்டானா இருந்தால் எல்லோரும் ஒரே பக்கமாகச் சுற்றிப் போய்விடுவார்கள் என்று பாடம் நடத்தி, மாணவர்களை விட்டுச் சுண்ணாம்புத்தூளில் வட்டமும் போட்டாயிற்று. இதுதான் பள்ளியின் அறிவியல் போட்டித் திட்டம்; நாலரைக்கு நடுவர் அருணகிரி மார்க் போட வருகிறார். நெரிசல் குறைந்திருந்தால் பசங்களுக்குச் சென்னை, மாநிலப் போட்டி. இல்லாவிட்டால் வகுப்பறை.

"நடுவுல எதுனா வைக்கணும்," என்றார் சார்.

தோட்டத்திலிருந்து முழங்கால் உயரக் கல் ஒன்றை உருட்டி வந்து நட்டார்கள். முதலில் வந்த பைக் மயிரிழையில் தப்பியது.

"யோவ் வாத்தியாரே, ரோட்டு நடுவுல கல்ல வெச்சுட்டு இன்னா பாடம் நடத்துற? கண்ணுக்கே தெரியல!"

"மஞ்சள் பெயின்ட் அடிங்கடா. அதான் தூரத்துலேர்ந்து தெரியும்."

பெயின்ட் இல்லை. சினேகா பூக்கார எல்லம்மாளிடம் மஞ்சள்தூள் வாங்கிப் பூசினாள். சிவப்பு ரிஃப்ளெக்டரும் இல்லை. நாலு பக்கமும் குங்குமம்.

அதற்குப் பிறகு ஒரு வண்டிகூட வட்டத்தை மிதிக்கவில்லை. எல்லாம் வலமாக, மெதுவாக, ஹாரன் அடிக்காமல் சுற்றின.

"பாத்தியா! இதான் டிராஃபிக் ஃப்ளோ!"

"சார்... அந்த ஆட்டோவுக்கு இது மூணாவது சுத்து."

வண்டிகள் உள்ளே வந்தன. வெளியே போகவில்லை. ஒரு வேன் டிரைவர் இறங்கிக் கற்பூரம் ஏற்றினார்.

"இது சாமி இல்லீங்க, வெறும் கல்லு!" சார் கத்தினார்.

"மலையே சாமியா நிக்கிற ஊர்ல, கல்லு மட்டும் எப்புடி சார் வெறும் கல்லாவும்?" என்றார் ஆட்டோக்காரர்.

கல்லைப் பிடுங்கிவிடுவதென்று சார் வட்டத்துக்குள் இறங்கினார். இறங்கும்போது, பழக்கதோஷத்தில், செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

"பாருக்கா, வாத்தியாரே செருப்பைக் கழட்டிட்டாரு!"

அடுத்த ஐந்து நிமிடத்தில் அவர் செருப்புக்குப் பக்கத்தில் நாற்பது ஜோடி. மூன்று தெருவும் அடைத்துக்கொண்டது. கல்லை நெருங்கவே வரிசையில் நிற்கச் சொன்னார்கள்.

மணி நாலரை. "நடுவர் இன்னும் வரல. வந்து இதைப் பாத்தா அவ்ளோதான், பசங்க சென்னையை மறந்துட வேண்டியதுதான்," என்று சார் புலம்பினார்.

மாலை கட்டிக்கொண்டிருந்த எல்லம்மாள் தலையை நிமிர்த்தினாள்.

"மார்க் போட வந்த கண்ணாடிக்காரரா? அவரு அப்பவே அந்த ஆட்டோல வந்துட்டாரு, இந்தச் சுத்தை ஆரம்பிச்சு வெச்சதே அவருதான் சார். டிரான்ஸ்ஃபர் கெடைக்கணும்னு நூத்தியெட்டு சுத்து வேண்டிக்கினு, என்கிட்டதான் மாலை வாங்கினாரு. அது முடியறதுக்குள்ள கல்லைப் புடுங்கினா, உங்க பசங்கள சென்னைக்கு அனுப்புவாரா? நீங்க இன்னா நெனைக்கிறீங்க?"