அப்பள மாவில் வந்த ரத்தம்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் அன்றைக்கு இறங்கியவர்களில் பாதிப் பேர் தொழில் சித்தர் தங்கவேலு சுவாமிகளைத் தேடி வந்தவர்கள். சோப்பு காய்ச்சுகிறவர், சுண்ணாம்புக் காளவாய்க்காரர், சாலவாக்கத்திலிருந்து ஒரு குடும்பமே மூட்டை முடிச்சோடு. வியாபாரம் படுத்துவிட்டதா? சாமி வந்து சரக்கின் மேல் மஞ்சள் தீர்த்தம் தெளிப்பார். ரத்தமாகச் சிவந்தால் செய்வினை! உடனே எலுமிச்சம்பழத்தை அறுத்துப் பிழிவார். சிவப்பு போய்ப் பழையபடி மஞ்சளாகும். செய்வினையும் ஓடிவிடும், கையிலிருந்த காசும் ஓடிவிடும்.

அதே தெருவில், பஞ்சாயத்துக் கொட்டகையில், சிறுதொழில்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கக் காஞ்சிபுரத்திலிருந்து சாரதா டீச்சர் வாராவாரம் வந்து உட்கார்ந்திருந்தார். பயிற்சி இலவசம். அதனாலேயே ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. சும்மா கிடைக்கிற அறிவில் என்ன சத்து இருக்கப்போகிறது!

பவளம் அப்பளக் கம்பெனி நடத்தினாள். கம்பெனி என்றால் ஓர் ஓட்டு வீடு, நாலைந்து பெண்கள், ஆளுக்கொரு பலகை. அந்தக் கோடையில் அப்பளமெல்லாம் ஓரத்தில் வெடித்தது. சாமியைக் கூப்பிட்டாள். தீர்த்தம் பட்டதும் மாவு சிவந்தது. அப்பளம் தேய்க்கிற அம்முலு மயங்கியே விழுந்தாள். தினமும் மாவில் எலுமிச்சம்பழம் பிழியச் சொன்னார் சாமி. பிழிந்தாள். வெடிப்பு நின்றபாடில்லை. எண்ணெயில் போட்டால் இப்போது பொரியவும் இல்லை, நனைந்த அட்டை மாதிரி கிடந்தது.

கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர் வரதன் கறாராகச் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கெழம வந்து பொரிச்சுப் பாப்பேன். சரியில்லன்னா வேற எடம் பாத்துக்குவேன்." அவர் போனால் கம்பெனிக்குப் பூட்டுதான். சாமியோ, "பெரிய பூஜை போடணும் மகளே, கம்மலைக் கழற்று" என்றார்.

அன்று மத்தியானம் சாரதா டீச்சர் தானாகவே வந்து நின்றார்.

"இன்னா டீச்சர், கூப்புடாமயே வந்துட்டீங்கோ?"

"நீ கூப்பிடப் போறதில்லை, அதான். ஏம்மா, இந்தக் கொளுத்துற வெயில்ல வாசல்ல போட்டா அப்பளம் வெடிக்காம என்ன செய்யும்? எலுமிச்சம்பழம் படாத மாவுல கொஞ்சம் தேய்ச்சுக் குடு. நிழல்ல உலர்த்திப் பாக்கலாம்."

"சாமிக்குத் தெரிஞ்சா பேஜாராப் பூடுமே!" என்று முனகிக்கொண்டே தேய்த்துக் கொடுத்தாள் பவளம்.

வெள்ளிக்கிழமை. வாசல் நிறையக் கூட்டம். வரதன் வாணலியில் எண்ணெயைக் காயவைத்தார். சாமி கண்ணை உருட்டி, எலுமிச்சம்பழம் இன்னும் பிழியாத புது மாவில் தீர்த்தம் தெளித்தார். சிவந்தது. "ஐயோ, ரத்தம்!" என்று அலறியது கூட்டம். பவளத்தின் கை கம்மலுக்குப் போனது.

"ஒரு நிமிஷம்" என்றார் டீச்சர். "சாமி, உங்க வெத்தலைப் பெட்டியைக் கொஞ்சம் குடுங்க."

சாமி யோசிப்பதற்குள் டீச்சர் பெட்டியைத் திறந்து, சுண்ணாம்பு டப்பியில் அதே தீர்த்தத்தை நாலு சொட்டு விட்டார். செக்கச்செவேல்!

"அடடா! சாமிக்கே செய்வினை வெச்சிட்டாங்களே, எந்தப் பாவி சாமி அது?" என்றார் டீச்சர்.

பவளம் டப்பியையே பார்த்தாள். மஞ்சள், சுண்ணாம்பு, சிவப்பு... பளிச்சென்று உறைத்தது.

"அடப்பாவி! இது ஆரத்தித் தண்ணியாச்சே! போன வாரம்கூட அம்முலு கொழந்தைக்கு என் கையால கரைச்சு சுத்திப்போட்டனே! அதப் பாத்தாடி மயக்கம் போட்ட நீ?"

அம்முலு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அப்பளம் பொரியறதுக்கு மாவுல போடுற அப்பளக்காரமும் சுண்ணாம்பு மாதிரிதான், மஞ்சள் பட்டா சிவக்கும். சோப்பும் அப்படியே" என்றார் டீச்சர். "எலுமிச்சம்பழம் பிழிஞ்சா காரம் செத்துடும், சிவப்பும் போயிடும். காரம் செத்தா அப்பளம் எங்கேயிருந்து பொரியும்?"

"அதான் என் செக்கெண்ணெய் செவக்கலையா! எனக்கு நல்ல நேரம்னு சொல்லித் தொரத்துனாரே!" என்று கத்தினான் செக்கு ஓட்டுகிற முத்துவேல்.

வரதன் சாமி சொன்னபடி எலுமிச்சம்பழம் பிழிந்து செய்த அப்பளத்தை எண்ணெயில் போட்டார். அசையாமல் படுத்துக் கிடந்தது. நிழலில் உலர்ந்ததைப் போட்டார். புஸ்ஸென்று வாணலி கொள்ளாமல் எழும்பியது. ஒடித்து வாயில் போட்டுக்கொண்டு, "இதே மாதிரி குடு. ஆர்டர் ஒனக்குத்தான்" என்றார். பவளத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

சாமி பையைச் சுருட்டினார். தெய்வ பாஷை மறந்துபோய், "இன்னாம்மே, ஒருத்தன் பொழப்புல கை வெக்கிறீங்கோ!" என்று டீச்சரிடம் சீறினார்.

"இருங்க சாமி! வூட்டுக்கு வந்தவர ஆரத்தி எடுக்காம அனுப்புவமா?" என்று அவருடைய தீர்த்தத்திலேயே சுண்ணாம்பைக் கரைத்து, தட்டோடு துரத்தினாள் பவளம். போர்டுகூடப் பார்க்காமல் கிளம்பிய டவுன் பஸ்ஸில் தொற்றிக்கொண்டார் சித்தர்.

அடுத்த வாரம் கொட்டகையில் உட்கார இடமில்லை. கடைசியாக வந்த முத்துவேல் தயங்கித் தயங்கிக் கேட்டான், "டீச்சர், இங்க காணிக்கை இன்னா?"

டீச்சர் வாயைத் திறக்குமுன் முன்வரிசையிலிருந்து பவளம் கம்மல் மின்னத் திரும்பினாள்.

"ஒண்ணும் வாணாம். சாமிகிட்ட போனப்ப மூளைய வூட்லயே வெச்சிட்டுப் போனோமே, இங்க வரச்ச அத மட்டும் மறக்காம எடுத்துக்கினு வா!"