மாடியறையில் ஐந்து நொடி

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

உங்கள் முழங்கால் மடங்கும் அளவுக்கும் அக்காவின் கோபம் அடங்கும் அளவுக்கும் அங்கே எல்லாம் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்பி, இங்கே நாங்களும் நலம் என்று எழுதக் கை வராமல், இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன்.

சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். முப்பத்தோரு வருஷம் கோர்ட்டில் சுருக்கெழுத்தராக இருந்தவன், வழக்கு என்ன என்று எழுதாமல் உள்ளே போக மாட்டேன். வரும் புதன்கிழமை நீங்களும் அக்காவும் இங்கே வரக் கூடாது. "மாடியறை காலியாகத்தான் கிடக்கிறது, வந்து ஒரு மாதம் இருங்கள்" என்று போன மாதம் எழுதியவன் நானேதான். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். யார் வா என்றாலும் மறுக்கத் தெரியாதவர் நீங்கள். முன்பின் தெரியாதவர் வீட்டு விருந்துக்குக்கூட முதல் ஆளாகப் போய், விலாசம் தவறு என்று தெரிந்த பிறகும் சாப்பிட்டுவிட்டு வந்தவர். இந்த ஒருமுறை மறுத்துவிடுங்கள். இதைப் போனில் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். போனில் பேச என் குரல் வேண்டும். இனிமேல் என் குரலை நம்பாதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எல்லாம் சின்னவளின் படிப்பால் வந்தது. அவள் கல்லூரியில் ஆங்கிலம் படிக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியும். நான் ஏதோ கதை, கவிதை என்று நினைத்திருந்தேன். அதெல்லாம் இல்லையாம். ஆங்கிலத்தை மனிதர்கள் எப்படிப் பேசுகிறார்கள், எப்படி எழுதுகிறார்கள் என்பதுதான் படிப்பாம். முதல் பாதி, குழந்தைகள் எப்படிப் பேசக் கற்கிறார்கள் என்பது. இரண்டாம் பாதி, விளம்பரங்கள் எப்படி நம்மைப் பேசிக் கவிழ்க்கின்றன என்பது. குழந்தைக்கு எங்கே போவது? பெரியவளின் மகள், நம் வாண்டு, மூன்று வயது, வீட்டிலேயே இருக்கிறாள். மாப்பிள்ளை கப்பலில், பெரியவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஷிஃப்ட் மாறி மாறிப் போகிறாள். வாண்டு போகும் நர்சரியில் ஆங்கிலம் தவிர வேறு எதற்கும் வாய் திறக்கக் கூடாது என்பதால், அது தனியாக விளையாடும்போதும் ஆங்கிலத்தில்தான் விளையாடும். மதியம் நர்சரி விட்டு வந்ததும் உங்களுக்காகத் துடைத்து வைத்திருந்த மாடியறைக்குப் போய்விடும். சின்னவள் சோப்புக்கட்டி அளவுக்கு ஒரு ரெக்கார்டரை அங்கே அலமாரி மேல் வைத்தாள்.

பதிவானதை எழுத்தாக்க வேண்டும். ரிட்டயர் ஆனவன் சும்மா இருக்கலாமா? "குடும்மா, நான் அடித்துத் தருகிறேன்" என்று நானே போய் மாட்டினேன். அதற்கு விதிகள் உண்டு. பேசுகிற ஒவ்வொருவருக்கும் ஓர் எழுத்து. தப்பாகப் பேசினாலும் திருத்தக் கூடாது. யாராவது நிறுத்தினால், எத்தனை நொடி என்று அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். எல்லாவற்றையும் விட, கேட்காததை ஊகித்து எழுதவே கூடாது. முதல் பதிவில் உங்கள் தங்கச்சி, அதாவது என் மனைவி, மாடிப்படியில் நின்று என்னைத் திட்டியதும் விழுந்திருந்தது. அதையும் விதிப்படி அடித்தேன். அவள் பேச்சு ஒன்றரைப் பக்கம். என் பங்கு, "(நான்கு நொடி)", "(ஏழு நொடி)", "(நான்கு நொடி)". எங்கள் தாம்பத்தியத்தை இவ்வளவு சரியாக யாரும் எழுதியதில்லை.

பிறகு வாண்டுவின் பதிவுகள் வந்தன. உங்களுக்கும் ஆங்கிலத்துக்கும் ஆகாது என்பதால் தமிழிலேயே தருகிறேன். வாண்டு ஏதோ சொல்லும். ஐந்து நொடி சும்மா இருக்கும். மறுபடி சொல்லும். "நாலு பேர். என்னைச் சேர்க்காம." (மூன்று நொடி) "தாத்தாதான் குண்டு." (ஐந்து நொடி) "மாட்டாங்க. அவங்க கீழதான் தூங்குவாங்க." (நான்கு நொடி) "இன்னும் ரெண்டு பேர் வருவாங்க. புதன்கிழமை."

சின்னவளிடம் காட்டினேன்.

"இந்த வயசுல எல்லாக் குழந்தையும் தனக்குத்தானே பேசும்பா. எதிராளி பேச இடம் விட்டுப் பேசக் கத்துக்கிட்டிருக்கா பாருங்க, அதான் விசேஷம்" என்றாள்.

"புதன்கிழமைன்னு யாரு சொன்னா அவகிட்ட?"

"அம்மாதான் சொல்லியிருப்பாங்க."

எந்தக் குற்றத்துக்கும் என் மனைவியையே முதல் சந்தேகத்தில் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம் என்பதால் நானும் விட்டுவிட்டேன். பிறகுதான் பதிவின் தேதியைப் பார்த்தேன். புதன்கிழமை வருகிறோம் என்று நீங்கள் எழுதிய கடிதம் எங்களுக்கு வந்தது, அதற்கு இரண்டு நாள் கழித்து.

இந்த இடத்தில்தான், அத்தான், என் தொழில் புத்தி என்னைக் கெடுத்தது. கோர்ட்டில் சாட்சியின் பதிலைத்தான் எழுதுவோம். வக்கீலின் கேள்வியைத் தனியாக எழுத மாட்டோம். "நான் அன்று சைக்கிளில் வரவில்லை என்று சொன்னால் சரியல்ல" என்று எழுதியிருந்தால், வக்கீல் என்ன கேட்டிருப்பார் என்று வாசிக்கிறவன் தெரிந்துகொள்ள வேண்டும். காப்பியில் சர்க்கரை மாதிரி, கேள்வி பதிலுக்குள்ளேயே கரைந்திருக்கும். முப்பத்தோரு வருஷத்தில் எனக்குப் பதிலைப் பார்த்தால் கேள்வி தன்னால் காதில் விழும். வாண்டுவின் தாளைப் பார்த்ததும் விழுந்துவிட்டது. ஊகித்து எழுதக் கூடாது என்ற விதியைத் தள்ளிவிட்டு, பென்சிலால் இடைவெளிகளை நிரப்பினேன். "வீட்டில் எத்தனை பேர்?" "யாரிடம் அதிகம் இருக்கிறது?" "அவர்கள் இரவில் மேலே வருவார்களா?" "போதாதே, வேறு யாரும் இல்லையா?" கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். மூன்று நொடி இருந்த இடத்தில் மூன்று நொடி. ஐந்து இருந்த இடத்தில் ஐந்து. அரை நொடி கூடவில்லை, குறையவில்லை. எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது பெருமை.

அந்தப் பெருமையில் இரண்டாவது தப்பையும் செய்தேன். சாட்சியத்தை எழுதி முடித்தால் சாட்சிக்கு உரக்கப் படித்துக் காட்டி, சரி என்று ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். அது சட்டம். வாண்டுவை மாடியறையில் ஒரு முக்காலியில் உட்கார வைத்து, கேள்வியும் பதிலுமாக முழுவதையும் கோர்ட் குரலில் வாசித்தேன். வாண்டு காலை ஆட்டிக்கொண்டே கேட்டது. முடித்ததும், "எல்லாம் சரியா?" என்றேன்.

"சரி தாத்தா. ஆனா அது இவ்வளவு சத்தமா பேசாது" என்றது வாண்டு.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான் என்று நாம் எத்தனை பேரைச் சொல்லியிருக்கிறோம்! அப்படியே கொடுத்தவன் நான் ஒருவன்தான். அடுத்த பதிவில் இடைவெளியே இல்லை. வாண்டு பேசுகிறது, இடைவெளி இருந்த இடங்களில் என் குரல் கேட்கிறது. தொண்டைக் கனைப்பு உட்பட எல்லாம் என்னுடையதுதான். அந்த நேரத்தில் நான் முடிதிருத்துபவர் நாற்காலியில் கழுத்தில் துணியோடு இருந்தேன். அவரையே சாட்சிக்கு அழைத்து வந்து நிறுத்தினேன். ஆனால் எனக்கு அவரைவிடப் பெரிய சாட்சி வேறு. என் ஆங்கிலத்தைக் கேட்டு வக்கீல்கள் முப்பத்தோரு வருஷம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். டேப்பில் இருந்த ஆங்கிலத்தில் ஒரு பிழை இல்லை.

"ஒரு குரலையே தாங்க முடியல, இதுல ரெண்டாவது வேறயா?" என்றாள் உங்கள் தங்கச்சி. அவள் என்னைக் கடைசியாகக் கடிந்து சொன்னது அதுதான்.

இதற்குள் சின்னவள் இரண்டாம் பாதிப் படிப்புக்கு வந்திருந்தாள். விளம்பரங்கள் செய்யும் தந்திரங்களை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். எல்லோரையும் பார்த்துப் பேசாதே, "உங்களைத்தான்" என்று சொல். கேட்பவரின் களைப்பைப் பாராட்டு. நல்லதை மூன்று மூன்றாக அடுக்கு. மற்றவர்கள் ஏற்கெனவே வந்துவிட்டார்கள் என்று சொல். "இன்று மட்டும்தான்" என்று நாளைக் குறை. கடைசியில், ஆமாம் என்பதைத் தவிர வேறு பதில் வராத கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இரு. வாண்டுவுக்குப் படிக்கத் தெரியாது. இருந்தும் மறுநாள், ஷிஃப்ட் முடித்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாத பெரியவளின் புடவையைப் பிடித்துக்கொண்டு, "உன்னைத்தாம்மா. எவ்வளவு நேரம் நின்னுட்டே இருந்திருப்பே! மேல குளுகுளுன்னு இருக்கு, சத்தமே இல்ல, நிறைய இடம் இருக்கு. இன்னிக்கு மட்டும்தான். வர்றியா?" என்று கேட்டுவிட்டு, அண்ணாந்து பார்த்தபடி நின்றது. சின்னவள் சிரித்தாள், ப்ராஜெக்ட்டுக்கு நல்ல உதாரணம் என்று குறித்துக்கொண்டாள். பெரியவள் மேலே போனாள். அன்று இரவு இறங்கவில்லை, மறுநாள் ட்யூட்டிக்கும் போகவில்லை. இறங்கி வந்தபோது முகத்தில் ஒரு களைப்பு இல்லை, ஒரு கவலை இல்லை, வேறு எதுவுமே இல்லை. "மேல நல்லா இருக்குப்பா. நீங்களும் வாங்க" என்றாள்.

அடுத்தது உங்கள் தங்கச்சி. அவளைப் பேசி மயக்கியவன் இதுவரை பிறந்ததில்லை. வாக்யூம் கிளீனர் விற்க வந்தவனை வீடு முழுக்கக் கூட்ட வைத்து, "சுமாராத்தான் இருக்கு" என்று திருப்பி அனுப்பியவள். அவளும் போனாள். அத்தான், அவள் என்னைத் திட்டி ஒன்பது நாள் ஆகிறது. நான் ஈரத் துண்டைக் கட்டில் மேல் போட்டுப் பார்த்தேன். தட்டைக் கழுவாமல் வைத்துப் பார்த்தேன். "பரவாயில்லை" என்று சிரிக்கிறாள். அன்று கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன் என்று சொல்ல வெட்கப்படவில்லை.

அப்போதுதான் சின்னவள் பழைய தாள்களை எல்லாம் மேசையில் பரப்பினாள். காதில் பஞ்சு வைத்திருந்தாள், நானும் வைத்திருந்தேன்.

"அப்பா, ஒரு விளம்பரம் என்ன குடுக்கிறேன்னு சொல்லுதுன்னு பார்க்கக் கூடாது. அதுக்கு என்ன வேணும்னு பார்க்கணும். இது முதல் நாள்லேர்ந்து ஒண்ணே ஒண்ணைத்தான் கேக்குது."

"என்ன?"

"எத்தனை பேருன்னு."

அதனால்தான் புதன்கிழமை நீங்கள் வரக் கூடாது என்கிறேன். இப்போது நிலவரம் இதுதான். மாடியறையை நேற்று பூட்டிவிட்டேன். சாவி என் சட்டைப் பையில். உங்கள் தங்கச்சியும் பெரியவளும் பூட்டிய கதவுக்கு வெளியே மேல்படியில், டாக்டரைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி, சிரித்த முகமாய் உட்கார்ந்திருக்கிறார்கள். சின்னவள் ரெக்கார்டரைத் திருப்பிக் கொடுக்கக் கல்லூரிக்குப் போயிருக்கிறாள். ஐந்து மணிக்கு வந்துவிடுவாள். நாளைக் காலை முதல் பஸ்ஸில் எல்லோரையும், தூக்கியாவது, உங்கள் வீட்டுக்கு அழைத்து வருகிறேன். பாயும் தலையணையும் போதும். நான் வந்து சேராவிட்டாலும் இந்தக் கடிதமாவது வந்து சேரட்டும். வாண்டு இப்போது என் மேசைக்கு அடியில் உட்கார்ந்து பென்சிலை உருட்டிக்கொண்டிருக்கிறது. குழந்தை பாவம், அத்தான். அது யாரையும் ஏமாற்றவில்லை. யாரோ கேட்டார்கள், பதில் சொன்னது. அதை எப்படியாவது இங்கிருந்து கொண்டுபோய்விட வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். நீங்கள் இருவரும் நூறு வயது இருந்து, கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போகாமல், உங்கள் வீட்டு வாசலிலேயே சௌக்கியமாக உட்கார்ந்திருக்க வேண்டும். எழுதி முடித்த எந்தத் தாளிலும், உரக்கப் படித்துச் சரிபார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. ஆகையால் இதையும் ஒருமுறை படித்துவிட்டு உறையில் போடுகிறேன்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் அன்புள்ள,
மைத்துனன்

பின்குறிப்பு: படித்துக் காட்டப்பட்டது. வரக் கூடாது என்ற ஒரு பத்தியைத் தவிர மற்றவை சரி என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. அத்தான், உங்களைத்தான் சொல்கிறேன். வாழ்நாள் முழுவதும் எவ்வளவு அலைந்துவிட்டீர்கள்! மாடியறை குளிர்ச்சியாக இருக்கிறது, அமைதியாக இருக்கிறது, இன்னும் நிறைய இடம் இருக்கிறது. முழங்காலைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்தப் படிகள் வலிக்காது. ஐந்து மணிக்குச் சின்னவளும் வந்துவிட்டாள். நாங்கள் எல்லோரும் மேலேதான் இருக்கிறோம். சாவி கதவிலேயே இருக்கும். புதன்கிழமை மட்டும்தான். அக்காவையும் அழைத்துக்கொண்டு வருவீர்கள் அல்லவா?

(ஐந்து நொடி)

நல்லது.