சார்ஜன் காவலில் கோழிக்கொண்டை

செடி வளர்ப்பதில் எனக்குக் கைராசி உண்டு. இதை நானேதான் சொல்ல வேண்டியிருக்கிறது. என் வீட்டில் வேறு யாரும் சொல்வதில்லை. எல்லாம் மலாயாவில் அவசர காலத்தில் நான் எடுத்துப்போன ஒரு பிடி விதையால் வந்த வினை.

அப்போது எங்கள் ரப்பர் தோட்டம் மலாக்காவில் ஜாசின் பக்கம். நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி. காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, சோறுகூட ஒரே இடத்தில் பொங்கித்தான் கொடுப்பார்கள். பால் எடுக்க மரம் வெட்டப் போகும்போது கேட்டில் சோதனை. பொம்பளைகளைத் தடவிப் பார்க்க எங்கள் லயத்து ராசம்மா அக்காவையே போட்டிருந்தார்கள். வேலை கிடைத்த நாளிலிருந்து அவள் நடையே மாறிவிட்டது. (என் நடை அதற்கு முன்பிருந்தே அப்படித்தான்.)

கம்பி போட்டபின் மலாக்காவிலிருந்து பூ வருவது நின்றுபோனது. நாங்கள் பால் வெட்டும் வெட்டுக்காட்டில் இருக்கும் முனியாண்டிக்குப் பூசை வைக்கணும், மாலைக்கு வழியில்லை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "மாலை என் பொறுப்பு" என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

என்னிடம் இருந்தது கோழிக்கொண்டை விதை. மலாக்கா கோயிலில் கழித்துப்போட்ட பழைய மாலையிலிருந்து கசக்கி எடுத்தது. லயத்தில் போடலாம் என்றால் ரப்பர்மர நிழல். அந்தப் பூவுக்கு மண்டையைப் பிளக்கிற வெயில் வேண்டும். முனியாண்டி மேடையைச் சுற்றித்தான் மரமில்லாத கல்லுத்தரை. அங்கே போக கேட்டைத் தாண்டணும். கேட்டில் ராசம்மா. பார்த்தால் பாதி கேட்பாள்.

அதனால் விதையைக் காகிதத்தில் மடித்துக் கொண்டைக்குள் வைத்துக்கொண்டேன். என் புத்திசாலித்தனத்தை நினைத்து நானே சிரித்துக்கொண்டு போனேன்.

"என்னடி பாக்கியம், தலைக்குள்ளே கரகரங்குது?"

"பேனுக்கா."

"பேனுக்குக் காகிதம் சுத்தி விட்டிருக்கியா?"

பிரித்தாள். கறுப்பாக, பளபளவென்று. "சார்ஜன்! கீரை விதை!" என்று அவள் போட்ட சத்தம் செர்காம் கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

கேட்டுக் காவலுக்கு இருந்த போலீஸ் சார்ஜன் மலாய்க்காரர். பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், நம்மைவிட நல்லாத் தமிழ் பேசுவார். "காட்டுக்குள்ளே கீரைத்தோட்டம் போட ஆள் அனுப்புறாங்களா லா?" என்றார்.

"இது பூவுங்க, சார்ஜன்."

"பூவை எதுக்கு ஒளிக்கணும்?"

காரணம் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. எப்படிச் சொல்வேன்?

கேட்டடியில் வெயில் கொளுத்தும் காவல் கொட்டகைக்குப் பக்கத்தில் பூட்சுக் காலாலேயே மண்ணைக் கீறி, விதையைத் தூவினார். "பூ பூத்தா நீ வேலைக்குப் போ. கீரை வந்தா ஜாசின் ஸ்டேசனுக்குப் போ. அதுவரைக்கும் கேட்டைத் தாண்டக் கூடாது."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பாயா ரும்புட்டில் எனக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்த நேரம். "ஸ்டேசனுக்குப் போற பொண்ணை எவன்டி கட்டுவான்?"

"பூக்க வைக்கிறேன் பாரும்மா" என்றேன்.

வைத்தேன். காலையும் சாயங்காலமும் தண்ணீர். ஆட்டுப் புழுக்கை. பொதுச் சமையல்கட்டில் கெஞ்சி வாங்கிய அரிசி கழுவின தண்ணீர். பெற்ற பிள்ளைக்குக்கூட அவ்வளவு ஊட்டியிருக்க மாட்டார்கள். செடி என்ன செய்யும்? பூப்பதற்கு அதற்கு நேரமே இல்லை, தின்னவே பொழுது சரியாக இருந்தது. முழங்கால் உயரத்துக்கு இலை இலையாக, தளதளவென்று, பார்த்தால் அசல் கீரை!

"பாக்கியம், உன் பூவைப் பருப்புப் போட்டுக் கடையலாமா?" என்பாள் ராசம்மா. நான் கூடக் கொஞ்சம் கழுநீர் ஊற்றுவேன்.

மாப்பிள்ளையின் அம்மா விசயம் கேள்விப்பட்டு வந்துவிட்டார். கேட்டடியில் நின்று ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தார்.

"கீரை நல்லா வந்திருக்கு."

"பூவுங்க அத்தை."

"பூக்கட்டும். அப்புறம் தேதி பார்ப்போம்." வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விட்டார்.

அந்தக் கவலையில் மறுநாள் இன்னும் ஒரு வாளி சேர்த்து ஊற்றினேன். அன்றைக்கென்று வெள்ளைக்கார அதிகாரி பார்வையிட வந்தார். சார்ஜன் ஓடிவந்து, காலைத் தட்டி, விறைப்பாக சல்யூட் அடித்தார். கை நெற்றியில் நின்றது. கால் நிற்கவில்லை. கழுநீர்ச் சேற்றில் வழுக்கி, செடிக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தார், சல்யூட்டை எடுக்காமல்.

அதிகாரி போனதும் சார்ஜன் என் வாளியைப் பிடுங்கிக் கொட்டகைக்குள் வைத்துப் பூட்டினார். "இனி ஒரு சொட்டு ஊத்தினே, பூவும் வேண்டாம் கீரையும் வேண்டாம், நேரா ஸ்டேசன்தான்!"

பிறகு மழையும் இல்லை. மண் வெடித்தது. இலை சுருண்டது. தினம் தூரத்திலிருந்து பார்த்து அழுதேன். (ஸ்டேசனுக்கு உடுத்திப்போகச் சேலைகூட எடுத்து வைத்துவிட்டேன்.) ஒருநாள் காலை சார்ஜனே லயத்துக்கு ஆள் அனுப்பினார். ஓடினேன். வாடின செடியின் உச்சியில், சேவல் தலையில் இருக்கிற மாதிரியே, ரத்தச் சிவப்பில் ஒரு கொண்டை. பக்கத்துச் செடியிலும் அரும்பு.

சார்ஜன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "பூதான் லா" என்று கேட்டைத் திறந்துவிட்டார். ராசம்மா வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு அமைதியான காலையை நான் பார்த்ததில்லை.

முனியாண்டிக்கு மாலை விழுந்தது, எனக்கும் விழுந்தது. ஆனால் அத்தை கதையைப் பாயா ரும்புட் முழுக்கச் சொல்லிவிட்டார். இன்றைக்கும் என் பிள்ளைகளுக்கு மூன்றாவது தடவை சோறு போடக் கரண்டியைத் தூக்கினால் போதும். மருமகள், பேரப்பிள்ளை எல்லாரும் சேர்ந்து, "சார்ஜனைக் கூப்பிடுங்க! வாளியைப் பிடுங்கச் சொல்லுங்க!" என்று கத்துவார்கள்.

கத்தட்டும். அந்தப் பூ அவ்வளவு சிவப்பாகப் பூத்ததே நான் ஊற்றிய கழுநீரால்தான்.