ஏழு மடலும் ஒரு கொப்புளமும்

வலி தாங்காத ஆண்பிள்ளை வீட்டுக்கு ஒருவர் இருப்பார். எங்கள் வீட்டில் அது நான். முள் குத்தினால் ஊரைக் கூட்டுவேன். காய்ச்சல் நூறைத் தொட்டால் உயில் எழுதலாமா என்று யோசிப்பேன். (எழுத ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.) இந்தக் குணத்தால் ஒருமுறை என் குடும்பமே உடையப் பார்த்தது.

அப்போது திருமணமாகி ஒன்றரை வருடம். நான் போர்ட் பிளேரிலேயே பிறந்து வளர்ந்தவன். அங்கே டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். மனைவி செல்விக்கு விருதுநகர்ப் பக்கம். அவள் கப்பலேறியபோது, அவள் அம்மா கொல்லையிலிருந்து ஒரு சோற்றுக்கற்றாழையை வேரோடு பிடுங்கி ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்திருந்தார். செல்வி அதற்கு மஞ்சள் குங்குமம் பூசி, திருஷ்டிக்காக வாசல் நிலையில் தலைகீழாகக் கட்டினாள். மண் இல்லை, தண்ணீர் இல்லை. காற்றைக் குடித்தே அது உயிரோடிருந்தது. வெள்ளிதோறும் புதுக் குங்குமம் வைப்பாள்.

அந்த மழைக்காலத்தில் அவள் அம்மா இறந்துபோனார். புயல் எச்சரிக்கை, கப்பலும் கிளம்பவில்லை, விமானமும் இறங்கவில்லை. இறுதிச் சடங்கை வீடியோ காலில்தான் பார்த்தாள். எங்கள் தீவு நெட்வொர்க்கின் லட்சணம் தெரியுமே, அம்மாவைத் தூக்கும் நேரத்தில் படம் உறைந்து நின்றுவிட்டது. நான் பக்கத்தில் நின்றுகொண்டு, இந்த ஊர்க்காரர்கள் எல்லாவற்றுக்கும் சொல்வதைச் சொன்னேன்: "ஹோ ஜாயேகா செல்வி. எல்லாம் சரியாயிடும்." (அந்த வாயை அன்றைக்கே தைத்திருக்கலாம்.)

அதன்பிறகு ஒற்றை வார்த்தைகளில்தான் பேசினாள். ஒரு மாதம் கழித்து, ஊருக்குப் போகிறேன் என்றாள்.

"எப்ப திரும்பி வருவ?"

"தெரியல. மொதல்ல போறேன்."

மறுநாள் காலை கப்பல் டிக்கெட் எடுக்கக் கிளம்பினாள். வரிசை முடிந்து திரும்ப மதியமாகும். அதற்குள் அவள் மனதை மாற்றிவிட எனக்கு ஒரு யோசனை உதித்தது. அவள் அம்மா சுடும் உளுந்தவடையை நானே சுட்டு வைப்பது! அதுவரை அடுப்பில் என் அதிகபட்ச சாதனை, பாலைப் பொங்கவிட்டதுதான்.

எண்ணெய்க்குப் பயந்து முதல் வடையை ஒரு முழ உயரத்திலிருந்து போட்டேன். (பயந்தவன் மேல்தானே தெறிக்கும்!) புறங்கையில் ஒரு துளி. மிளகளவுதான். நான் போட்ட சத்தத்தில், கீழ் வீட்டில் இருக்கும் மளிகைக் கடை சலீம் பாய் ஓடி வந்துவிட்டார்.

"என்ன தம்பி, சிலிண்டரா வெடிச்சிருச்சு?"

"கை, பாய்! கை!"

உற்றுப் பார்த்தார். "எங்க?" என்றார்.

அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் தண்ணீரில் காட்டச் சொன்னார். நான் கேட்டால்தானே? தீப்புண்ணுக்குக் கற்றாழை நல்லது என்று போனில் எங்கோ பார்த்த ஞாபகம். ஸ்டூல் போட்டு ஏறி, வாசலில் தொங்கியதில் ஒரு மடலை அறுத்தேன். பட்டினி கிடந்த செடி. தோலைச் சீவினால் உள்ளே ஒன்றும் இல்லை. இன்னொன்று. அதற்கடுத்து இன்னொன்று.

"அரே, பஸ் கரோ தம்பி, போதும்! ஒரு துளிக்கு ஒரு செடியவா வெட்டுவ?"

பாய் சொல்லச் சொல்ல, ஏழு மடலையும் மொட்டையடித்து ஒரு ஸ்பூன் கற்றாழைச் சோறு தேற்றிக் கையில் அப்பினேன். மடலில் ஒன்றரை வருடக் குங்குமம் இருந்தது நினைவில்லை. கை முழுக்கச் சிவப்பாக வழிந்தது.

அந்த நேரம் பார்த்து செல்வி படியேறி வந்தாள்.

"ஐயோ, ரத்தம்!" பையைப் போட்டுவிட்டு ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "என்னாச்சு? ஏங்க, எங்க வெட்டுச்சு?" இவள் என்னை விட்டுப் போகமாட்டாள் என்று அந்த நொடியில் நம்பினேன். பிறகு தன் விரலில் ஒட்டியதை முகர்ந்து பார்த்தாள். மெல்லத் தலையை நிமிர்த்தி வாசலைப் பார்த்தாள். கயிற்றில் வேரும் ஒரு குட்டை அடித்தண்டும் தொங்கின.

பாய் செருப்பை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிப் போனார்.

"வேற செடி வாங்கிடலாம் செல்வி. பாராடாங் தீவுல கூடக் கெடைக்கும்."

(ஆமாம், சொன்னேன்.)

அவள் கத்தவில்லை. என் கையைக் குழாயடியில் பிடித்து வெகுநேரம் தண்ணீர் விட்டாள். கழுவி முடித்தபோது ஒரு சின்னக் கொப்புளம் மட்டும் இருந்தது. அதைப் பார்த்தபடியே, "எங்கம்மா கையால தொட்டது இந்த வீட்டுல அது ஒண்ணுதாங்க இருந்துச்சு," என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவும் கொப்புளத்துக்காக என்று நினைத்துவிடுவாளோ என்று பயந்து அடக்கிக்கொண்டேன்.

நான்காம் நாள் கப்பல். கப்பலேறும் ஜெட்டியில், பேப்பரில் சுற்றிய அந்த அடித்தண்டை என்னிடம் கொடுத்தாள். "நட்டு வைங்க. தளிர் விட்டா போட்டோ அனுப்புங்க, வரேன்." விடாவிட்டால்? கேட்க எனக்குத் தைரியமில்லை.

நட்டேன். பயத்தில் வேளைக்கு வேளை தண்ணீர் ஊற்றி அழுகடிக்கப் பார்த்தேன். சலீம் பாய்தான் செம்பைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். தினமும் வேலைக்குப் போகுமுன் தொட்டியின் முன் குந்தி உட்கார்ந்திருப்பேன். நாற்பது நாளுக்குமேல் ஆகியிருக்கும், அடியில் கடுகளவு பச்சை தெரிந்தது. படம் போய்ச் சேர அரை நாள் ஆனது. பதில் வர இரண்டு நாள்: "டிக்கெட் போட்டுட்டேன்."

இப்போது எங்கள் மாடிப்படி முழுக்கக் கற்றாழைத் தொட்டிகள்தான். தெருவில் யாருக்குக் கை சுட்டாலும் இங்கே வருவார்கள். செல்வி முதலில் குழாயைக் காட்டுவாள். பிறகு ஒரே ஒரு மடலை வெட்டி, மஞ்சள் பாலை வடியவிட்டுக் கழுவிக் கொடுப்பாள். கத்தியோடு அந்தப் பக்கம் போக எனக்கு மட்டும் அனுமதி இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் எங்கள் மகள் இந்தக் கதையைச் சொல்வாள். வடை விழுந்த இடத்திலும், பாய் "எங்க?" என்று கேட்ட இடத்திலும் செல்வி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாள். தான் வாசலை நிமிர்ந்து பார்த்த இடம் நெருங்கும்போது, செடிக்குத் தண்ணி ஊத்தணும் என்று எழுந்து போய்விடுவாள்.

கதை முடிந்ததும் மகள் கேட்பாள்: "அப்பா, தழும்பக் காட்டுங்க!" நான் கையை நீட்டுவேன். அதில் ஒன்றுமே இருக்காது.