தோளுக்கு ஏசினேன், சம்பந்தி எழும்பினார்

எவ்வளவு வலித்தாலும் வாய் திறக்காத ஆள் என்று முப்பத்தெட்டு வயதுவரை என்னைப் பற்றி எனக்கொரு நினைப்பு. அந்த வயதில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் ஒருநாள், சட்டை போடக் கையைத் தூக்கினேன். வலது தோள் மறுத்துவிட்டது. அதன்பின் கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டுமே எழுதினேன். (வாத்தியார் குட்டையாகிவிட்டார் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்களாம்.)

கல்முனை ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி ஐயா தோளை அழுத்திப் பார்த்தார். "மூட்டு இறுகிப் போயிரிக்கி மாஸ்டர்," என்று கயிற்றுப் பயிற்சி சொன்னார். முதலில் உப்பு ஒத்தடம். பிறகு கூரை வளையில் கயிற்றைப் போட்டு, ஒரு முனையை வலக்கையில் கட்டி, மறுமுனையை இடக்கையால் இழுக்க வேண்டும்.

"நொம்பலம் வந்தா மூச்ச அடக்காதீங்க. வாய்விட்டு எதையாச்சும் கதைங்க."

வாத்தியாருக்கு என்ன கதைக்க வரும்? தோளுக்கு ஏசினேன். ஏச ஏச வலி பாதியாகக் குறைந்தது.

சாய்ந்தமருதில் நான் இருந்தது மனைவியின் வீடு. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிவர வேண்டும். மனைவியின் தங்கைக்குச் சம்பந்தம் பேச, மருதமுனையிலிருந்து நெசவுக்காரர் ஒருவர், மாப்பிள்ளையின் வாப்பா, வந்திருந்தார்.

"இண்டைக்கு மட்டும் அந்தக் கயித்த விடுங்களன்," என்றாள் மனைவி.

"சத்தம் போடமாட்டன்," என்றேன்.

பின்னறையில் கயிற்றை இழுத்து, மறுமுனையை ஜன்னல் கம்பியில் கட்டினேன். தூக்கிய கையோடு இருபது எண்ண வேண்டும். ஆறில் வாய் திறந்துவிட்டது.

"எழும்பு. எழும்பு எண்டு சொல்றன். இண்டைக்கு உன்ன ஒடிக்காட்டி நான் மனிசனில்ல."

முன்னறையில் பேச்சு நின்றது. அந்த நேரம் பார்த்துத் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து மனைவி தேநீர்த் தட்டை நீட்டியிருக்கிறாள். அடுப்புப் புகையில் கண்ணெல்லாம் சிவந்து, ஈரமாக.

"இந்த ஊட்டுலயா என்ட மகன் வந்து இரிக்கிற?" நெசவுக்காரர் எழும்பிவிட்டார்.

ஓடிப்போய் விளக்கம் சொல்ல நினைத்தேன். ஜன்னல் முடிச்சு இறுகிவிட்டது. "நில்லுங்க, நான் அவளுக்கு ஏசல்ல, தோளுக்கு ஏசின," என்று கத்தினேன். எட்டிப் பார்த்த மனிதர் கண்டது, வளையில் ஒரு கை தொங்க, சாரன் நழுவ, நுனிக்காலில் நின்ற படித்த மருமகனை.

"ஆரு உங்களக் கட்டின?" என்றார் மெதுவாக.

"நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் தன் இடத்தோளைத் தடவினார். "ஆறு மாசமாத் தறியில கை நீட்ட ஏலாது. இதுக்குக் கேக்குமா?"

ஐந்து நிமிடத்தில் கயிற்றில் அவர். வலி வந்ததும் அவர் தோளை ஏசவில்லை. தன் மூத்த மருமகனை ஏசினார், ஊர் கேட்க.

முன்னறையில் மாமா, என் மனைவியின் வாப்பா, "அல்லாஹ், சம்பந்தியையும் கட்டிட்டான்," என்று தலையில் கைவைத்தாராம்.

பேத்திமாருக்குச் சம்பந்தம் வரும் காலம் இது. இப்போதும் எங்கள் வீட்டார் மாப்பிள்ளை வீட்டிடம் முதலில் சொல்வது சீதனக் கதையல்ல: "உள்ளுக்குச் சத்தம் கேட்டா பயப்புடாதீங்க, ஏச்சு ஆளுக்கில்ல, தோளுக்கு."