எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் ஒரு தூக்கம்

நின்றுகொண்டே தூங்குகிறவர்களில் இந்த உலகத்திலேயே முதல் ஆள் எங்கள் அரைக்கண் மாஸ்டர்தான். குதிரைகூட நின்றபடி தூங்கும் என்பார்கள். ஆனால் குதிரை தூங்கும்போது சாம்பார் கிண்டாது. மாஸ்டர் கிண்டுவார்.

காரைக்குடியிலிருந்து கல்யாணச் சமையலுக்குப் போகிற செட்டு எங்களுடையது. அவர் தலைமைச் சமையல்காரர், நான் காய் நறுக்குகிறவன். அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம். காலையில் அவரைப் பார்த்தால் நாலு ஆள் வேலையை ஒரு கையால் செய்வார். மதியப் பந்தி பாதி ஓடும்போது, யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி ஆகிவிடுவார். இடது கண் மூடிக்கொள்ளும். வலது கண் பாதியில் நிற்கும். "உப்பு ஒரு கைப்பிடி..." என்பதோடு பேச்சும் நின்றுவிடும். போடுவதா, எடுப்பதா என்று தெரியாமல், உப்பை அள்ளியவர் அள்ளிய கையோடு நிற்பார்.

அவர் தூங்குகிறாரா, விழித்திருக்கிறாரா என்பது எனக்குப் பிடிபட்டதே இல்லை. வெள்ளைப்பணியாரம் ஒன்று போதும், என்னைக் குழப்ப. மாவை எண்ணெயில் ஊற்றி, அது எழும்பியதும் திருப்பி, சிவப்பதற்குள் அள்ளிவிட வேண்டும். கொட்டக் கொட்ட விழித்திருக்கிற ஆளுக்கே சிவந்துபோகும். மாஸ்டர் அரைக்கண்ணோடு நின்று அள்ளுவதெல்லாம் துவைத்து வெளுத்த வேட்டி மாதிரி வரும். கண் தூங்கிக் கை மட்டும் விழித்திருக்குமா? யாரைக் கேட்பது?

தூக்கத்தை விரட்ட அவர் படாத பாடில்லை. பச்சை மிளகாயை நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்வார். சற்று நேரத்தில் மிளகாயோடு தூங்குவார். நெற்றியில் தைலத்தை அப்பிக்கொள்வார். அவர் விழித்திருக்க, பக்கத்தில் இருக்கிற எங்கள் கண்ணெல்லாம் எரியும். தலையில் ஈரத்துண்டைப் போட்டால் குளுகுளுவென்று இருக்கிறதென்று இன்னும் நன்றாகத் தூங்குவார்.

அப்புறம்தான் ஆளாளுக்கு வைத்தியம் சொல்ல ஆரம்பித்தார்கள். மதியச் சோறுதான் அமுக்குகிறது என்றார் காண்டிராக்டர். மாஸ்டர் சோற்றை விட்டார். தூக்கம் முன்னைவிடச் சீக்கிரம் வந்தது. புளித்த மாவு ஆகாது என்று மளிகைக்கடைக்காரர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இட்லியையும் விட்டார். முதல் பந்திக்கு இலை விரிக்கும்போதே கண் சொக்கியது. பருப்பு மந்தம் என்றார் பரிமாறுகிறவர் ஒருவர். அதுவும் போயிற்று. ஒருவர் சொன்னது இன்னொருவருக்குத் தெரியாது. மாஸ்டர் எல்லார் பேச்சையும் கேட்டார். கேட்கக் கேட்கத் தூக்கம் கூடியது. கூடக் கூட இன்னொன்றை விட்டார். எதனால் எது ஆகிறது என்று எனக்குத் தலை சுற்றியது. வாயைத் திறந்து ஏதாவது கேட்கலாம் என்றால், நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சு வராது.

எங்கள் செட்டில் ஒரு வழக்கம். கடைசிப் பந்தி எழுந்த பிறகுதான் மாஸ்டர் இலையில் உட்கார வேண்டும். அதற்குள் சாயங்காலப் பலகாரத்துக்கு அடுப்பு மூட்டியாக வேண்டும். அதனால் அவர் எப்போது சாப்பிடுகிறார் என்று யாரும் பார்த்ததில்லை. எப்படியும் சமையல்காரர் சாப்பிடாமலா இருப்பார் என்று விட்டுவிட்டோம்.

காண்டிராக்டர் பொறுத்துப் பார்த்தார். ஒரு கல்யாணத்தில் ரசம் பொங்கி அடுப்பே அணைந்த பிறகும் மாஸ்டர் கண் விழிக்காததைப் பார்த்துவிட்டு, "இன்னொருக்க தூங்குனீகன்னா தேவகோட்டையிலருந்து வேற ஆளக் கூட்டியாந்துருவேண்ணே" என்று சொல்லிவிட்டார். மாஸ்டர் குனிந்து அணைந்த அடுப்பை மறுபடி மூட்டினார். அடுப்பை விட்டால் அவருக்கு வேறு தொழில் தெரியாது.

அடுத்த வேலை கண்டனூரில். வருஷம் முழுவதும் பூட்டிக் கிடந்து கல்யாணத்துக்காகத் திறந்த வீடு. பின்கட்டில் அடுப்பு. நான் கிணற்றோரம் காற்றாட உட்கார்ந்து மறுநாளைக்குப் பூசணி நறுக்கிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் பணியாரத்துக்கு எண்ணெய் வைத்திருந்தார். முதல் ஈடு உள்ளே போன கொஞ்ச நேரத்தில் பெண்ணின் தாயாரான ஆச்சி தட்டோடு வந்துவிட்டார். பின்னாலேயே காண்டிராக்டர்.

"வெள்ளைப்பணியாரம் கேட்டா கந்தரப்பத்த அனுப்பியிருக்கீக?"

எட்டிப் பார்த்தேன். தட்டில் இருந்த அத்தனையும் வெல்லம் போட்ட கந்தரப்பம் மாதிரியே கருஞ்சிவப்பு. அந்தக் கையும் தூங்கிவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

"இன்னையோட சரி ஆச்சி. காலையில ஆள் மாறிரும்" என்றார் காண்டிராக்டர்.

அவர் சொல்லி முடிக்கவில்லை. மாஸ்டர் முன்பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தார். எதிரே கொதிக்கிற எண்ணெய். எப்படி ஓடினேன் என்று தெரியாது. இடுப்புத் துண்டைப் பிடித்து இழுத்தேன். இருவரும் பின்னால் போய் மாவு அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டு விழுந்தோம். மாவுக்குள்ளிருந்து எழுந்த மாஸ்டர், "மாவு சரியாத்தான் கரைஞ்சிருக்கு" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. ஆச்சி அவர் முகத்தையே பார்த்தார்.

"என்ன சாப்ட்டீக?"

"காப்பி, ஆச்சி."

"அதுக்கு முந்தி?"

"காப்பி."

"நேத்து?"

மாஸ்டர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "நேத்தும் காப்பிதான். கொஞ்சம் சீனி தூக்கலா."

ஆயிரம் பேருக்கு ஆக்கிப் போடுகிற மனிதர். சீனிக் காப்பியில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறார். ஆச்சி அங்கேயே இலை போடச் சொன்னார். மாஸ்டர் காண்டிராக்டரைப் பார்த்தார்.

"சோறு தின்னா தூக்கம் வருமாம், ஆச்சி."

"வந்தாத் தூங்குங்க. மொதல்ல தின்னுங்க."

தலையெல்லாம் மாவோடு, கூச்சத்தோடு, அவர் இரண்டாம் முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டார். இனி விடிகிறவரை எழுந்திருக்க மாட்டார் என்று நாங்கள் சுற்றி நின்று காத்திருந்தோம். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, மீதியிருந்த கெட்டி மாவைக் கரைத்து, இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு பணியாரம் ஊற்றினார். எல்லாம் வெள்ளை வெளேரென்று வந்தது.

காண்டிராக்டர் ஒரு பணியாரத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப காலையில அடுப்புக்கு யாரு?" என்று பொதுவாகக் கேட்டார்.

"மாஸ்டர்தான்" என்று ஒரு குரல் கேட்டது. என்னுடைய குரல்தான். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. காண்டிராக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சரி, இனிமே அவுக சாப்டப்பறந்தான் சாயங்கால அடுப்ப மூட்டணும்" என்றார்.

மறுவாரம் மாஸ்டரைக் காரைக்குடியில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்றுமில்லை, வேளைக்குச் சாப்பிடுங்கள் என்றார். இப்போது சாப்பிடுகிறார். தூக்கம் முக்கால்வாசி போய்விட்டது. மீதி எங்கிருந்து வருகிறது என்று டாக்டருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

கிணற்றோரத்தில் நல்ல காற்று வரும். ஆனாலும் நான் இப்போதெல்லாம் அடுப்புக்குப் பக்கத்தில், அவர் துண்டு கைக்கு எட்டுகிற இடத்தில் உட்கார்ந்துதான் காய் நறுக்குகிறேன்.