இரு முனையும் கட்டிய கம்பி

தெருவே மரியாதையாக 'முசியே' என்றழைத்த பிரான்சுவாவைச் சவரிராயன் கடைசியாக உயிரோடு பார்த்தது 1961 ஆகஸ்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு. அடுத்த வீட்டுக்காரரான அவர் வாசற்படியில் ஒரு காலை வைத்தபடி வழக்கமான விண்ணப்பத்தைச் சமர்ப்பித்தார்.

"தம்பி, இன்னைக்காவது போடுவியா?"

"பணி நடந்துகிட்டிருக்கு அண்ணே. அடுத்த ஞாயிறு நிச்சயம்."

"இரைச்சலோடயே போடுப்பா. அதுக்குள்ள எம்பொண்ணை நான் கண்டுபிடிச்சுக்குவேன். அப்படியே அவங்க அம்மா குரல்."

விவகாரம் இதுதான். பிரான்சுவாவின் மகள் ஆனந்தமேரி பன்னிரண்டு வயதில் அத்தையோடு பாரிசுக்குக் கப்பலேறியவள். அங்கே கோயில் பாடற்குழுவில் சேர்ந்து, அவர்கள் பாடிய ஸ்டீரியோ இசைத்தட்டு ஒன்றை அப்பாவுக்கு அனுப்பியிருந்தாள். 'இடது பக்கம் பாடும் எட்டுப் பேரில் நானும் ஒருத்தி' என்று கடிதம். தெருவில் ஸ்டீரியோ இருந்தது சவரிராயன் வீட்டில் மட்டும்தான்; அதனால் தட்டும் அங்கேயே இருந்தது. அதில் இரைந்ததும் இடது ஸ்பீக்கர்தான்.

ஒருவருடைய மகளை இரைச்சலோடு பாட வைப்பது முறையல்ல என்று சவரிராயன் தீர்மானித்தார். தட்டுச் சுழலும் பெட்டியிலிருந்து ஆம்ப்ளிபயருக்குப் போகும் கம்பிக்குச் செம்புக் கவசம் போட்டால் இரைச்சல் அடங்கும் என்று பிரெஞ்சுப் பத்திரிகையில் படித்திருந்தார். சென்னையில் அது ரெடிமேடாகவே கிடைக்கும். ஆனால் கடையில் வாங்குவது கௌரவமாகுமா? அந்த வருஷம் ஊரில் நாலு எழுத்து படித்தவர்களெல்லாம் எதையாவது சொந்தமாகச் செய்துகொண்டிருந்தார்கள். அவருடைய மேலதிகாரி சொந்தமாகச் சோப்புக் காய்ச்சி, உடம்பெல்லாம் தடிப்போடு ஆபீசுக்கு வந்தார்.

ஆகவே, ஈஸ்டர் முடிந்ததும், ரப்பர்க் கம்பியின் மேல் மயிரிழைச் செம்புக் கம்பிகளைச் சடையாகப் பின்னும் பணி தொடங்கியது. பின்னியவள் மனைவி ரோசா. மேற்பார்வை சவரிராயன். ஒரு நாளைக்கு நாலு விரற்கடை. அதற்குப் பிரெஞ்சில், இங்கிலீஷில், தமிழில் என்று மூன்று அறிக்கைகள்.

"என் தலையைப் பின்ன நேரமில்ல, உங்க கம்பிக்குப் பின்னிக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றாள் ரோசா. "பாவம் அந்த மனுசன், சும்மா போட்டு விடுங்களேன்."

"தரம்னு ஒண்ணு இருக்கு ரோசா."

ஜூலையில் கம்பி பூர்த்தியானது. சாரம் பகுதி ரேடியோ மெக்கானிக் சக்கரபாணி வந்து பார்த்தான்.

"கவசத்தை ஒரு முனையில மட்டும் எர்த்தோட கட்டுங்க சார். ரெண்டு முனையிலயும் கட்டினா இன்னும் கத்தும்."

"அப்போ மறுமுனைக்கு யார் பொறுப்பு?"

சக்கரபாணி திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். சவரிராயனுடைய சர்க்கார் ஆபீசில், பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியதிலிருந்து, எந்தக் காகிதத்துக்கும் அனுப்புகிற இடத்தில் ஒரு முத்திரை, சேருகிற இடத்தில் ஒரு முத்திரை. ஏழு வருஷமாக ஒரு காகிதம்கூடத் தவறிப் போனதில்லை. எதுவும் போய்ச் சேர்ந்ததில்லை என்பது வேறு விஷயம். எனவே இரண்டு முனையும் கட்டப்பட்டன.

ஸ்பீக்கர் வண்டுக்கூடுபோல் இரைந்தது. கவசம் போதவில்லை என்று கண்டறிந்த சவரிராயன் அதன்மேல் இன்னொரு கவசத்துக்கு உத்தரவிட்டார். செய்முறையைச் சுற்றறிக்கையாக எழுதி மேலதிகாரியிடம் கையெழுத்தும் வாங்கினார். ஊரில் பதினோரு வீடுகளில் கம்பி பின்னினார்கள். அதில் ஏழு வீடுகளில் ஸ்டீரியோவே கிடையாது.

வாசற்படியில் வந்து கேட்ட அந்த ஆகஸ்டு ஞாயிறுக்கு அடுத்த வியாழக்கிழமை பிரான்சுவா மாரடைப்பில் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து வந்ததும் ரோசா யாரையும் கேட்காமல் கத்திரிக்கோலை எடுத்தாள். கவசத்தை ஒரு முனையில் வெட்டி விட்டாள். இரைச்சல் நின்றது.

ஒரு முனையே போதும் என்று சவரிராயன் திருத்தச் சுற்றறிக்கை எழுதினார். முந்தையதில் தம் கையெழுத்து இருப்பதால் பிழைக்கு இடமில்லை என்று குறிப்பெழுதி மேலதிகாரி அதைத் திருப்பிவிட்டார். பதினோரு வீடுகளும் முந்தையதையே கடைப்பிடித்தன.

அடக்கம் நடந்த அன்று மாலையே இசைத்தட்டைப் போட்டிருந்தார்கள். இடது ஸ்பீக்கரில் எட்டுப் பெண் குரல்கள், மூச்சிழுப்பது உட்படத் துல்லியமாகக் கேட்டன.

"இதுல நம்ம மேரி எதுங்க?" என்றாள் ரோசா.

சவரிராயன் இரண்டாம் முறை போட்டார். மூன்றாம் முறையும் போட்டார். அவளுக்கே எழுதிக் கேட்கலாம். அப்பா கண்டுபிடித்தாரா என்று அவள் திருப்பிக் கேட்டால்?

எழுதவில்லை. தட்டு இன்னும் கீறல் இல்லாமல் இருக்கிறது. எட்டுக் குரல்களும் தெளிவாகக் கேட்கின்றன. அவளுடையது எது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.